சிறுவர் வைத்தியசாலையின் பேராசிரியர் பிரிவில் முதல் மூன்று வருடங்கள்: புதிதாகச் சேர்பவருக்கு ஒரு வழிகாட்டி

பொரளைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குள் முதல் நாள் நுழைகிற விரிவுரையாளருக்கோ ரெஜிஸ்ட்ராருக்கோ (நிபுணத்துவப் பயிற்சியில் இருக்கும் வைத்தியருக்கோ) யாரும் சொல்லித் தராத விஷயம் ஒன்று உண்டு. நீங்கள் வேலை செய்யப்போகும் விடுதிக்குச் சொந்தக்காரர் இரண்டு பேர். கட்டில், தாதியர், மருந்து, ஆய்வுகூடம், துப்புரவு எல்லாம் சுகாதார அமைச்சைச் சேர்ந்தவை. பேராசிரியர், விரிவுரையாளர், மாணவர், பரீட்சை எல்லாம் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சேர்ந்தவை. இரண்டும் ஒரே கூரையின் கீழ் சந்திக்கும் இடத்துக்குத்தான் பேராசிரியர் பிரிவு என்று பெயர். வாய்வழக்கில் 'யுனிவர்சிட்டி யுனிட்'.

இந்தக் குழந்தை மருத்துவத் துறையில் எப்படி முன்னேறுவது, ஒருநாள் அதை நடத்தவும் எப்படித் தயாராவது என்று கேட்டு வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். நேரில் சொன்னால் இரண்டு தேநீர் ஆகும். எழுதினால் கொஞ்சம் சுருங்கும்.

படி 1: எந்தக் கதவு எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

சேலைன் ஏற்றும் பம்ப் பழுதானால் பீடாதிபதிக்குக் கடிதம் எழுதிப் பயன் இல்லை. அது வைத்தியசாலைப் பணிப்பாளரின் மேசைக்குப் போக வேண்டியது. இறுதி வருட மாணவருக்கு வகுப்பறை போதவில்லை என்றால் பணிப்பாளரால் ஒன்றும் செய்ய முடியாது, அது பீடத்தின் வேலை. ஆராய்ச்சி என்று வந்தால் இரண்டு பக்கத்துக்கும் கடிதம் போக வேண்டும். இதை முதல் மாதமே புரிந்துகொண்டவர் மூன்று வாரத்தில் முடிக்கும் வேலையை, புரியாதவர் ஒரு வருடம் இழுத்துக்கொண்டிருப்பார். இரண்டாவது ஆளாக இருந்த அனுபவம் எனக்கு உண்டு.

அடுத்தது, துறைத் தலைவர் வேறு, பேராசிரியர் வேறு. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி, உபவேந்தரின் பரிந்துரையில் பேரவை துறைத் தலைவரை மூன்று வருடத்துக்கு நியமிக்கிறது. அது சுற்றி வரும் பொறுப்பு. இன்று தலைவராக இருப்பவர் துறையிலேயே மூத்தவராக இருக்க வேண்டும் என்றில்லை. உங்கள் கடிதங்கள் தலைவர் வழியாகப் போகட்டும். பாடம் கற்பது யாரிடம் என்பது உங்கள் விருப்பம்.

ஏணியின் படிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வைத்தியசாலைப் பக்கம்: இன்டேர்ன் (உள்ளகப் பயிற்சி வைத்தியர்), எஸ்.எச்.ஓ. (சிரேஷ்ட இல்ல வைத்திய அதிகாரி), ரெஜிஸ்ட்ரார், சீனியர் ரெஜிஸ்ட்ரார், வைத்திய நிபுணர். பல்கலைக்கழகப் பக்கம்: தகுதிகாண் விரிவுரையாளர், சிரேஷ்ட விரிவுரையாளர் தரம் இரண்டு, தரம் ஒன்று, பேராசிரியர், சிரேஷ்ட பேராசிரியர். இரண்டு ஏணியிலும் ஒரே நேரத்தில் கால் வைத்திருப்பவர்தான் கல்விசார் குழந்தை மருத்துவர். சறுக்குவதும் பெரும்பாலும் அதனால்தான்.

படி 2: விடுதிச் சிஸ்டரிடம் போங்கள்

பேராசிரியரைப் பார்க்க முதல் நாளே நேரம் கேட்பவர்கள், விடுதியின் பொறுப்புச் சிஸ்டருக்குத் தங்களை அறிமுகப்படுத்த மறந்துவிடுகிறார்கள். எந்த இரவில் எத்தனை தாதியர் இருப்பார்கள், ஒக்சிசன் சிலிண்டர் எங்கே, எந்தத் தாய் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, எந்த இன்டேர்ன் நேற்றிரவு கண் மூடவில்லை, எல்லாம் அவருக்குத் தெரியும். பேராசிரியர்கள் ஓய்வு பெறுவார்கள், ரெஜிஸ்ட்ரார்கள் மாறிப் போவார்கள். பத்து வருடமாக அந்த விடுதியின் பழக்கவழக்கத்தை மனதில் வைத்திருப்பது சிஸ்டர்தான்.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ நேரே வந்தவர்கள் சிங்களச் சகாக்கள் தங்களை 'அய்யா' என்று கூப்பிடும்போது கூச்சப்படுவார்கள். சிங்களத்தில் அது 'அண்ணா'தான். கூச்சப்பட ஒன்றும் இல்லை.

படி 3: ஒரு கொப்பி தொடங்குங்கள்

என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் இது ஒன்றுதான் முக்கியம். மற்றதை மறந்தாலும் பரவாயில்லை.

புதிதாகச் சேர்பவர்கள் பெரிய ஆராய்ச்சியோடு தொடங்க ஆசைப்படுகிறார்கள். மூன்று மாகாணம், ஆயிரம் பிள்ளைகள், வெளிநாட்டுப் பணம். அது நடக்காது. நடந்தாலும் உங்கள் பெயர் ஒன்பதாவதாக வரும். அதற்குப் பதிலாக, விடுதியில் திரும்பத் திரும்ப வரும் ஒரே ஒரு பிரச்சினையை எடுத்து, அதற்கு ஒரு கொப்பி போடுங்கள். கணினியில் என்றாலும் சரி. ஆனால் நிரல்கள் எட்டுக்கு மேல் போகக் கூடாது. இருபது நிரல் போட்டால் மூன்றாவது வாரத்தில் நீங்களே கைவிட்டுவிடுவீர்கள். கொப்பியில் பிள்ளையின் பெயர் வேண்டாம், ஒரு தொடர் இலக்கம் போதும். பெயரும் இலக்கமும் சேர்ந்த பட்டியல் வேறிடத்தில் பூட்டி இருக்கட்டும்.

எதை எடுக்கலாம்? ஓர் உதாரணம். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் பாணி கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறோம். அளவு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம். அப்படியானால் 10 கிலோ பிள்ளைக்கு 6 மில்லிலீற்றருக்குக் கொஞ்சம் கூட. டிக்கெட்டில் (நோயாளியின் பதிவுத் தாளில்) அழகாக எழுதிவிடுகிறோம். தாய் வீட்டில் எதால் அளக்கிறார்? சீனி போடும் கரண்டியாலா, மருந்துப் பெட்டியோடு வந்த மூடியாலா, சிரிஞ்சாலா? சீனிக் கரண்டி வீட்டுக்கு வீடு மாறும். வீட்டுக்குப் போகும் தாயிடம் ஒரு வெற்றுச் சிரிஞ்சும் ஒரு கோப்பை தண்ணீரும் கொடுத்து, 'எவ்வளவு கொடுப்பீர்கள், எடுத்துக் காட்டுங்கள் அம்மா' என்று கேளுங்கள். எடுத்த அளவு, எழுதிய அளவு, தாயின் மொழி, பிள்ளையின் நிறை, அறிவுரை சொன்னது யார். ஐந்து நிரல். செலவு இல்லை. இரண்டு மாதத்தில் கையில் ஒரு விடை இருக்கும்.

அந்த விடை நன்றாக இல்லாவிட்டால் ஒரு மாற்றத்தைச் செய்யுங்கள்: சிரிஞ்சில் நிறமிட்ட ஒரு கோடு, அல்லது தமிழிலும் சிங்களத்திலும் ஒரு சிறு துண்டு. பிறகு மறுபடி அளந்து பாருங்கள். இதற்குப் பெயர் மருத்துவக் கணக்காய்வு. நம் ஆட்கள் 'ஓடிற்' என்பார்கள். முதல் தடவை அளந்துவிட்டு, மாநாட்டில் ஒரு போஸ்டர் ஒட்டிவிட்டு நிறுத்திவிடுகிற பழக்கம் எங்கும் உண்டு. இரண்டாவது தடவை அளக்காவிட்டால் அது பாதி வேலை.

இன்னொரு உதாரணம், மண்ணெண்ணெய். சோடாப் போத்தலில் ஊற்றி அடுப்படியில் வைத்த மண்ணெண்ணெய்யைத் தண்ணீர் என்று நினைத்துக் குடித்த பிள்ளையைப் பார்க்காத குழந்தை மருத்துவர் இந்த நாட்டில் இருக்க மாட்டார். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்று நாம் மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம், ஏனென்றால் வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போனால்தான் ஆபத்து. ஆனால் வைத்தியசாலைக்கு வருமுன் வீட்டில் என்ன செய்தார்கள்? உப்புத் தண்ணீரா, பாலா, விரலை விட்டார்களா? ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி எழுதுங்கள். ஒரு வருடம் கழித்து அந்தக் கொப்பியோடு குடும்ப சுகாதாரப் பணியகத்துக்கோ உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரியிடமோ போனால், மிட்வைஃப் அக்காமார் வீட்டுக்கு வீடு சொல்லக்கூடிய செய்தி ஒன்று உங்களிடம் இருக்கும்.

டெங்கையும் இப்படிப் பாருங்கள். 2017 இல் இலங்கையில் 186,000க்கு மேற்பட்ட நோயாளிகள் பதிவானார்கள். விடுதியில் கட்டிலுக்குக் கீழேயும் பாய் விரித்த காலம் அது. குருதித் திரவம் கசியும் கட்டம் ஏறத்தாழ 24 முதல் 48 மணித்தியாலம். அந்த நேரத்தில் எவ்வளவு சேலைன், எத்தனை மணிக்கு ஒரு தடவை ஹெமட்டோகிரிட் (குருதியில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் சோதனை) என்பதைத் தேசிய வழிகாட்டல் சொல்கிறது. அந்த வழிகாட்டலும் வானத்திலிருந்து விழவில்லை. பாங்கொக்கில் சிறுவர் வைத்தியசாலையில் வைத்தியர்கள் மணிக்கு மணி வைத்த குறிப்புகளில் வளர்ந்த அறிவை, நம் வைத்தியர்கள் அங்கே போய்க் கற்று வந்து இங்கே பொருத்தினார்கள். உங்கள் இன்டேர்ன் அதிகாலை மூன்று மணிக்குக் கொட்டாவி விட்டபடி நிரப்பும் அட்டவணையும் அந்த வகைதான். அதை அவருக்குச் சொல்லுங்கள்.

படி 4: ஒழுக்கவியல் அனுமதியைப் பிறகு வாங்கலாம் என்று நினைக்காதீர்கள்

பிறகு கிடைக்காது. தரவு சேர்த்து முடித்த வேலைக்கு எந்த ஒழுக்கவியல் மீளாய்வுக் குழுவும் பின்தேதியிட்டு அனுமதி தராது. நல்ல சஞ்சிகை அனுமதி இலக்கத்தைக் கேட்கும். ஓடிற் மட்டும்தானே என்று தொடங்கிய வேலை பாதி வழியில் கட்டுரையாக மாற ஆசைப்படும், அது மனித இயல்பு. ஆகவே எழுதும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் முதலிலேயே விண்ணப்பியுங்கள்.

பிள்ளைகள் என்பதால் கூடுதலாக மூன்று விஷயம். சம்மதம் பெற்றோரிடம், ஆனால் விவரம் தெரிந்த பிள்ளையிடம் தனியாகக் கேட்டு அதன் விருப்பத்தையும் எழுத வேண்டும். ஆராய்ச்சிக்கென்று மட்டும் ஓர் ஊசி கூடுதலாகக் குத்துவதற்கு வலுவான காரணம் வேண்டும். சம்மதப் படிவம் மூன்று மொழியிலும் வேண்டும். ஒரு மருந்தையோ சிகிச்சை முறையையோ ஒப்பிட்டுப் பரிசோதிப்பதானால், முதல் பிள்ளையைச் சேர்க்கும் முன் இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவகத்தில் பதிய வேண்டும். 2006 இல் தொடங்கிய அந்தப் பதிவகம் உலக சுகாதார நிறுவனத்தின் வலையமைப்பிலும் இருக்கிறது.

தமிழ்ப் படிவத்தைப் பற்றிக் கொஞ்சம் புலம்ப வேண்டும். ஆங்கிலத்திலிருந்து யாரோ மொழிபெயர்த்த, 'தங்களின் பங்கேற்பானது முற்றிலும் தன்னார்வத்தின் பாற்பட்டதாகும்' என்கிற மாதிரியான தமிழை நுவரெலியாத் தோட்டத்திலிருந்து வந்த தாய் எப்படி வாசிப்பார்? 'நீங்கள் விரும்பினால் மட்டும் சேரலாம். வேண்டாம் என்றால் பிள்ளைக்குக் கிடைக்கும் வைத்தியம் குறையாது' என்று எழுதினால் என்ன? எழுதிய பிறகு, மருத்துவம் படிக்காத இரண்டு பேரிடம் வாசிக்கக் கொடுங்கள். ஒருவர் வடக்கிலிருந்து, ஒருவர் மலையகத்திலிருந்து. இரண்டு பேரும் ஒரே சொல்லில் தடுக்கினால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

படி 5: உங்கள் தமிழை வேலையில் போடுங்கள், ஆனால் மொழிபெயர்ப்பாளராகவே முடிந்துவிடாதீர்கள்

நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் பொரளைக்கு அனுப்பப்படுகிறார்கள். கொட்டாஞ்சேனைத் தாய்க்குச் சிங்களம் சரளம். கிளிநொச்சியிலிருந்து அம்புலன்ஸில் இரவு முழுக்க வந்த தாய்க்கு ஒரு சொல்லும் தெரியாமல் இருக்கலாம். தமிழ் தெரிந்த ஒரே வைத்தியர் நீங்களாக இருந்தால், மற்ற விடுதிகளிலிருந்தும் 'கொஞ்சம் வந்து பேசிவிட்டுப் போங்கள்' என்று அழைப்பு வரும். போங்கள். அதுவும் கெட்ட செய்தி சொல்லும் நேரத்தில் கட்டாயம் போங்கள். பல வருடங்களுக்கு முன் வேறோர் ஊரில், மூளைச்சாவு பற்றி ஒரு தகப்பனுக்குச் சொல்ல ஒரு சிற்றூழியரைப் பிடித்து மொழிபெயர்க்க வைத்தார்கள். 'பிள்ளை நித்திரை' என்று அவர் சொன்னார். வேறென்ன சொல்வார், பாவம். அந்தத் தகப்பன் அடுத்த நாள் காலை பிள்ளைக்குத் தேநீர் வாங்கி வந்தார்.

ஆனால் உங்கள் நாள் முழுவதும் அதிலேயே போனால் மூன்று வருட முடிவில் கையில் நன்றியைத் தவிர ஒன்றும் இருக்காது. ஆகவே அதை ஓர் ஏற்பாடாக மாற்றுங்கள். அடிக்கடி தேவைப்படும் பத்துக் கேள்விகளையும் பத்து அறிவுரைகளையும் மூன்று எழுத்திலும் ஒரு அட்டையில் எழுதி விடுதிச் சுவரில் ஒட்டுங்கள். தமிழ் உச்சரிப்பைச் சிங்கள எழுத்தில் போட்டால் இன்டேர்னும் வாசிப்பார். வாரத்தில் அரைமணி நேரம் சகாக்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுங்கள். பதிலுக்கு உங்கள் சிங்களமும் சீராகும், அதுவும் உங்களுக்குத் தேவை.

படி 6: கற்பிப்பதைக் கணக்கில் வையுங்கள்

இலங்கையில் குழந்தை மருத்துவம் இறுதி எம்.பி.பி.எஸ். பரீட்சையில் தனிப் பாடம். ஆகவே மாணவர் கூட்டம் எப்போதும் இருக்கும். எத்தனை மணித்தியாலம், எந்தக் குழு, என்ன தலைப்பு என்று அன்றன்றே குறித்து வையுங்கள். பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் நாளில் ஐந்து வருடத்துக் கற்பித்தலை நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

கட்டிலருகில் கற்பிக்க ஒரு சின்னப் பழக்கம்: மாணவர் வரலாறு சொல்லி முடித்ததும் நீங்கள் விளக்கத் தொடங்காதீர்கள். 'உமது முடிவு என்ன? ஏன் அப்படி நினைக்கிறீர்?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு பத்து விநாடி பொறுங்கள். அந்தப் பத்து விநாடி மிக நீளமாக இருக்கும். தாயின் முன்னால் மாணவரை அவமானப்படுத்த வேண்டாம். தாய் அடுத்து அந்த மாணவரை நம்பிப் பிள்ளையைக் காட்ட மாட்டார்.

படி 7: பெயர் வரிசையை முதல் நாளே எழுதுங்கள்

கட்டுரையில் யார் பெயர் முதலில் என்கிற சண்டையில் உடைந்த நட்புகள் அதிகம். சர்வதேச மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர் குழு நான்கு நிபந்தனை வைக்கிறது: வேலையில் கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுவதற்கும் பொறுப்பேற்றல். நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். மரியாதைக்காகப் பெயர் போடுவது அந்த மரியாதைக்கும் நல்லதல்ல. தரவு சேர்க்கத் தொடங்கும் நாளில் ஒரு தாளில் பெயர்களை எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். 'சேர், இப்படி எழுதியிருக்கிறேன், சரியா?' என்று முதலிலேயே கேட்டால் எவரும் கோபிப்பதில்லை. கடைசியில் கேட்டால்தான் சங்கடம்.

முதல் கட்டுரையை இலங்கைச் சிறுவர் சுகாதாரச் சஞ்சிகைக்கு அனுப்புங்கள். இலங்கை குழந்தை மருத்துவர் கல்லூரி வெளியிடும் அந்தச் சஞ்சிகையை நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் வாசிக்கிறார்கள். பரசிற்றமோல் சிரிஞ்சுக் கதையை அவர்கள்தானே பயன்படுத்த வேண்டும்? பணம் கட்டினால் ஒரு வாரத்தில் பிரசுரிக்கிறோம் என்று மின்னஞ்சல் அனுப்புகிற சஞ்சிகைகளை அப்படியே அழித்துவிடுங்கள்.

படி 8: கொழும்பை விட்டுப் போவதையும் திட்டத்தில் சேருங்கள்

பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சை, எம்.டி., பிறகு உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பயிற்சி, கடைசியில் நிபுணராக ஏற்கும் சபைச் சான்றிதழ். பாதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெளிநாட்டுக்குப் போகுமுன் பிணைப் பத்திரத்தை (திரும்பி வந்து வேலை செய்வதாக எழுதிக் கொடுப்பதை) ஒரு தடவை முழுதாக வாசியுங்கள், கையெழுத்திடும் உறவினரும் வாசிக்கட்டும். வெளிநாட்டுப் பயிற்சியின்போது அங்குள்ள இயந்திரங்களைப் பார்த்து மயங்குவதை விட, காலைக் கூட்டத்தை எப்படி நடத்துகிறார்கள், தவறு நடந்தால் யார் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இயந்திரத்தைக் கொண்டு வர முடியாது, கூட்டத்தைக் கொண்டு வரலாம்.

கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870 இல் தொடங்கியது. குழந்தை மருத்துவத்துக்கென்று முதல் பேராசிரியராக சி. சி. டி சில்வா வந்தது 1949 இல்தான். அதுவரை பிள்ளைகள் பொது மருத்துவத்தின் ஓரத்தில் இருந்தார்கள். அவருக்குப் பிறகு பிரியானி சொய்சா. 1978 இல் காலியிலும் யாழ்ப்பாணத்திலும் மருத்துவ பீடங்கள் பிறந்தபோது துறைகளை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கட்ட வேண்டியிருந்தது. காலியில் குழந்தை மருத்துவத் துறையின் முதல் பேராசிரியராக இருந்த சனத் லமாபதுசூரிய பிற்பாடு கொழும்பிலும் பேராசிரியரானார். பொரளையில் பதினைந்தாவது ஆளாக இருப்பதை விட, மட்டக்களப்பில் இரண்டாவது ஆளாகப் போய் ஒரு கிளினிக்கைத் தொடங்குவது சிலருக்கு வேகமான பாதை. நான் போகவில்லை. போயிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

படி 9: சின்னப் பொறுப்புகளைக் கேட்டு வாங்குங்கள்

கடமைப் பட்டியல் போடுதல், கூட்டக் குறிப்பு எழுதுதல், மரண மீளாய்வுக் கூட்டத்துக்குத் தரவு தயாரித்தல். மூன்றும் யாரும் விரும்பாத வேலைகள். மூன்றையும் ஒவ்வொரு வருடம் செய்தால் துறை எப்படி ஓடுகிறது என்பது விளங்கிவிடும்.

கடமைப் பட்டியலில் தைப்பொங்கலுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் வெசாக்குக்கும் நத்தாருக்கும் யாருக்கு லீவு வேண்டும் என்பதை ஜனவரியிலேயே கேட்டு எழுதுங்கள். சிங்களத் தோழி பொங்கலுக்கு உங்கள் இரவுக் கடமையை எடுப்பார், நீங்கள் வெசாக்குக்கு எடுங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு பேருக்கும் லீவு வேண்டும், அப்போது எடுப்பதற்கு கிறிஸ்தவ, முஸ்லிம் சகாக்களின் காலில் விழ வேண்டியதுதான்.

மரண மீளாய்வில் பேசும்போது 'யார் செய்தது' என்று தொடங்காதீர்கள். பிள்ளை வந்த நேரம், முதல் மருந்து போன நேரம், இடையில் என்ன நடந்தது என்று நேரக்கோட்டைப் பலகையில் எழுதுங்கள். தாமதம் எங்கே என்பது தானாகத் தெரியும். பெரும்பாலும் அது ஒரு ஆளில் இருக்காது. ஆய்வுகூடத்துக்குப் போன மாதிரி திரும்பி வராததிலோ, இரவில் ஒரு தாதிக்கு நாற்பது பிள்ளைகள் இருந்ததிலோ இருக்கும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போன வைத்தியர்களின் வெற்றிடமும் அந்தக் கோட்டில் எங்காவது தெரியும். அப்படித் தெரிந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, முதல் படியில் சொன்ன சரியான கதவுக்கு அனுப்புங்கள்.

மூத்தவரோடு கருத்து மாறுபட்டால் வாட் ரவுண்டில் (விடுதியைச் சுற்றிப் பிள்ளைகளைப் பார்க்கும் நேரத்தில்) எல்லோர் முன்னும் வாதாடாதீர்கள். பிள்ளைக்கு உடனடி ஆபத்து இருந்தால் மட்டும் அதே இடத்தில், அதே நொடியில் சொல்லுங்கள், யார் முகம் சுளித்தாலும் சரி. மற்றதெல்லாம் ரவுண்ட் முடிந்து, அவர் தேநீர் குடித்த பிறகு.

மூன்றாவது வருட முடிவில் நீங்கள் வேறு பிரிவுக்கோ வெளிநாட்டுக்கோ போகும்போது அந்தக் கொப்பியை யாரிடம் கொடுப்பது என்று ஆறு மாதம் முன்பே பாருங்கள். ஆர்வமுள்ள ஒரு ஜூனியரை அருகில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் சேர்ந்து நிரப்புங்கள். பிறகு ஒரு மாதம் அவரே நிரப்பட்டும், நீங்கள் தொடாதீர்கள். ஒன்பதாவது நிரல் ஒன்று வேண்டும் என்று அவர் வந்து கேட்டால், ஏன் என்று கேளுங்கள். காரணம் சரியாக இருந்தால், பழைய எட்டில் எதை எடுக்கலாம் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.